ஏரி மண் எடுப்பும் நீர்ப்பட்சிகளும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் மண்ணின் மதிப்பை ஒருவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை நாடி ரயத்துகளும், களிமண்ணை நாடிக் குயவர்களும் ஏரிக்குள் இறங்குகின்றனர். தூர் நீங்குவதால் ஏரிக்கும் நன்மையே. ஆயினும் அவ்வேரியில் தங்கும் பட்சிகளாலும் ரயத்துக்கு லாபமுண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல் இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும். அவ்வேரியிலுள்ள நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா முதலியன ஆண்டுதோறும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைய, தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. செலவில்லாத எருவன்றோ இது! இதனையறிந்த அவ்வூர் ரயத்துகள், சிப்பாய்கள் பட்சிகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் வேட்டையைத் தடுப்பதற்குக் கவுல் பெற்றனர் என்பது வரலாறு. 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அது சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

அவ்வேரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேரே. ஆயிரக்கணக்கான பட்சிகளுக்கு அதிலுள்ள மீன் போதாது. சுற்றிலுமுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் அவை இரை தேடுகின்றன. அதனாலேயே 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை வகுக்கப்பட்டது. அதைச் சுருக்க 2020-இல் எழுந்த யோசனைக்குப் பலத்த ஆட்சேபம் பிறந்தது. எல்லைக்குள் நிலமுடையோர் கூறும் இடையூறுகளையும் தள்ளிவிடலாகாது. ஆயினும் உத்தரவு வருமுன்னரே ரயத்துகள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது என்பதே அதன் பலம்.

நமது ஏரிகளில் மண் எடுப்பதற்கு 2024-ஆம் வருஷ ஏற்பாட்டின்படி தாசில்தாரே அனுமதியளிக்கலாம். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புஞ்சைக்கு 90 கன மீட்டரும், மட்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டரும் அதில் குறிக்கப்பட்டன. மண் எடுக்குங்கால் ஏரிக்குள்ளிருக்கும் கருவேல மரங்களையும் அவை நிற்கும் மேடுகளையும் விட்டுவிடல் வேண்டும். கரையடியைத் தோண்டினால் கரை பலவீனமாகும். ஒரே இடத்தில் கிணறுபோல் பள்ளம் பறிப்பதும் தகாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது, கால்நடைகளுக்கும் ஆபத்து. பரவலாகச் சரிவுவிட்டு எடுத்தால், நீர் வடியும் காலத்தில் ஓரங்களில் ஆழமில்லாத நீர் நிற்கும். நாரையும் கொக்கும் நின்று இரை தேடுவது அங்கேதான். நத்தைகுத்தி நாரையோ வயலிலுள்ள நத்தைகளையும் தின்றுவிடுகிறது.

கூடுகளில் குஞ்சுகள் இருக்குமாயின், அவை பறந்து சென்றபின் வேலையைத் தொடங்குக. கிராம நிர்வாக அலுவலர் இடத்தை அளந்து காட்டும்போதே, விடவேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறியிட்டு, அவற்றின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வாராக.