‘சூப்பருங்ணா’வுக்கு அப்புறம் என்ன?

கோவையில் இப்போது பாடாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாரம் பூராவும் பம்ப்செட் கம்பெனி, ஸ்பின்னிங் மில், ஐ.டி. ஆபீஸ் என்று கிடப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கரோக்கி பெட்டியோடு கூடிவிடுகிறார்கள். வர முடியாதவர்களுக்கு வாட்ஸாப் குழு இருக்கிறது. பாட்டு வந்து விழுந்த மறுநொடி, முழுக்கக் கேட்டிருக்கவே முடியாத வேகத்தில், “சூப்பருங்ணா”, “செமைங்க்கா” என்று வரிசை கட்டும். பாடியவருக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம். அடுத்த வாரம் அதே சரணத்தில், அதே இடத்தில், மூச்சு முட்டும்.

சக பாடகரைத் தூக்கிவிடுவது பற்றி நம்மிடம் ஊறிப்போன சில எண்ணங்களை இந்த வாரம் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: புகழ்ந்தால் வளர்வார்கள், குறை சொன்னால் விட்டுவிடுவார்கள்.

பாதிதான் சரி. ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்று அதுவரை நடந்த ஆய்வுகள் பலவற்றைக் குளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996-இல் ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 607 அளவீடுகள். சராசரியில் முன்னேற்றம்தான். ஆனால் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கருத்தைக் கேட்டது செயலை மோசமாக்கியிருந்தது. புகழா, குறையா என்பதைவிட, சொன்னது கேட்டவரின் கவனத்தை எங்கே திருப்பியது என்பதுதான் முக்கியம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். கவனம் வேலையின் மேல் இருந்தவரை பலன் இருந்தது; ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்ற பக்கம் திரும்பத் திரும்பப் பலன் குறைந்தது.

அப்படிப் பார்த்தால் “உங்க குரலே தெய்வீகம்ங்க” என்பதும் “உங்களுக்கு சங்கீதம் வராதுங்க” என்பதும் ஒரே சாதி. இரண்டும் ஆளைப் பற்றியவை, பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்ததும் இதையொட்டியதுதான். ‘நீ கெட்டிக்காரன்’ என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர் வந்ததும் சீக்கிரம் சோர்ந்தார்கள். ‘நல்லா முயற்சி பண்ணினே’ என்று கேட்டவர்கள் விடாமல் மல்லுக்கட்டினார்கள். அவர்கள் கொடுத்தது புதிர், பாட்டு இல்லை. இருந்தாலும் குழுவில் ‘அடுத்த எஸ்.பி.பி.’ என்று பட்டம் வாங்கிய எத்தனை பேர் அதற்குப் பிறகு புதுப் பாட்டு எதையும் தொடாமல், பட்டம் வாங்கித் தந்த அதே மூன்று பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மாற்றாக என்ன சொல்லலாம்? “பல்லவி கடைசியில அந்த நீட்டு ஆடாம நின்னுச்சுங்க. போன தடவ அங்க கொஞ்சம் தொங்குச்சு.” இது புகழ்ச்சிதான். ஆனால் பாடியவருக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது: இந்த மனுஷன் நிஜமாகவே கேட்டிருக்கிறார், போன தடவையும் கேட்டிருக்கிறார்.

நம்பிக்கை: உச்சத்தில் சுருதி போனால் குரல் போதவில்லை என்று அர்த்தம்.

முக்கால்வாசி நேரம் கட்டைதான் குரலுக்குக் கூடிப்போயிருக்கும். கரோக்கி ட்ராக் மூலப் பாடகரின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்தது. டி.எம்.எஸ். நின்ற இடத்தில் நாமும் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் ஏறி நின்ற உச்சத்தை எட்டிப் பிடிக்க முயன்று தொண்டை கட்டிக்கொண்டவர்கள் நம் பக்கத்துக் கோயில் மேடைகளில் தலைமுறைக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆண் பாடிய ட்ராக்கைப் பெண் அப்படியே பாடினால் கதை தலைகீழ்: பல்லவி குரலுக்கு அடியில் புதைந்துவிடும், சரணத்தில்தான் ஆளே வெளியே வருவார்.

ஆர்மோனியத்தில் ஸட்ஜத்தை எந்தக் கட்டையில் வைப்பது என்பதைத்தான் கச்சேரிக்காரர்கள் முதலில் முடிவு செய்கிறார்கள். ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்ற பக்கத்திலும் பெண் குரல் ஐந்து, ஐந்தரை என்ற பக்கத்திலும் நிற்கும். வேகம் மாறாமல் ட்ராக்கை அரை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கும் ஆப்கள் போனில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே “மேல போகையில ஸ்ருதி சேரலைங்க” என்று நிறுத்தாமல், “ஒரு கட்ட எறக்கிப் பாடிப் பாருங்க” என்று சேர்த்துச் சொன்னால் அவருக்கு நாளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும். மனசு உடைவதற்கு அதில் இடமே இல்லை, குற்றம் ட்ராக்கின் மேல் போய்விடுகிறது.

நம்பிக்கை: தாளம் தப்பினால் பாடியவர் தப்பு.

புளூடூத் இயர்போனைக் கழற்றச் சொல்லுங்கள் முதலில். கம்பியில்லாமல் சத்தம் காதுக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாகும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கே அரை நொடிதான். பாடியவர் தன் காதில் விழுந்ததற்குச் சரியாகத்தான் பாடியிருப்பார். பதிவில் பின்தங்கித் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே அளவு பின்தங்கினால் மெஷின். அங்கங்கே மட்டும் பிந்தினால் மனுஷன். ஆடியோவை வாய்ஸ் நோட்டாகப் பதியாமல், தனியாகப் பதிந்து டாக்குமென்டாக அனுப்பச் சொல்வதும் நல்லது. வாய்ஸ் நோட் பேச்சுக்கென்று அமைந்தது, கமகத்தின் நுணுக்கமெல்லாம் அதில் மழுங்கிப்போகும்.

நம்பிக்கை: சுருதிக் காது பிறவியிலேயே வர வேண்டும்.

சுரத்தின் ஏற்ற இறக்கமே பிடிபடாத பிறவிக் குறைபாடு நிஜமாகவே உண்டு. மான்ட்ரியாலில் இதை ஆராய்ந்த இசபெல் பெரெட்ஸ் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி அது மக்களில் ஏறக்குறைய 1.5 சதவீதம். உங்கள் குழுவில் நூறு பேர் இருந்தால் ஒருவரோ இருவரோ. மற்றவர்களுக்கெல்லாம் பயிற்சிதான் பாக்கி.

நம்பிக்கை: சுருதி சேராத பாட்டைப் பாராட்டுவது இசைக்குச் செய்யும் துரோகம்.

இந்தச் சண்டை நாடறிய நடந்தது, அதுவும் நம் எல்லைக்குப் பக்கத்திலேயே. ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. அங்கே ஆடு மாடு மேய்த்து வாழும் இருளர் பெண் நஞ்சம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் அவரே கட்டிய இருளர் மொழிப் பாட்டைப் பாடினார். 2020-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகள் 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான். உடனே ஓர் இசைக்கலைஞர் கிளம்பினார்: சாதாரண சினிமாப் பாட்டு ஒன்றைக் கொடுத்தால் இவரால் சுருதியோடு பாட முடியுமா, வாழ்நாளெல்லாம் உழைத்துக் கற்றவர்களுக்கு இது அவமானம் இல்லையா என்று. திரையிசைக்காரர்கள் பலர் நஞ்சம்மா பக்கம் நின்றார்கள்.

கேள்வி கேட்டவரை வில்லனாக்க எனக்கு விருப்பம் இல்லை. இருபது வருஷம் சாதகம் செய்தவருக்கு அந்த வலி இருக்கத்தான் செய்யும். அவர் பிடித்த அளவுகோல்தான் தப்பு. மலையில் பாடும் பாட்டுக்குத் தம்புரா கிடையாது. பாடுகிறவரின் தொண்டையே சுருதி. பறையும் குழலும் அதற்குப் பின்னால் வரும். அந்தப் பாட்டில் அவர் எதைச் செய்ய வந்தாரோ அதை வேறு எவராலும் செய்திருக்க முடியாது. குழுவில் ஒருவர் தன் ஆத்தா பாடிய தாலாட்டைப் பாடி அனுப்புகிறார் என்று வையுங்கள். அதில் கல்யாணி ராகத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் எத்தனை நல்ல மனசோடு கருத்துச் சொன்னாலும் உதவ மாட்டார். என்ன செய்யப் பார்க்கிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: பெரியவர்கள் வாய்விட்டுப் பாராட்டினால்தான் ஊக்கம்.

இதற்கு நம்மூர்க் கதையே இருக்கிறது. 1940-களில் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் படங்கள் வரிசையாகத் தயாராகிக்கொண்டிருந்தன. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. எடுபிடியாகச் சேர்ந்து ஆர்மோனியம் வரை வந்திருந்த பாலக்காட்டுப் பையன் ஒருவன், 1948-இல் வந்த ‘அபிமன்யு’ படத்துக்கு நாயுடுவுக்குப் பிடிபடாமல் இழுத்துக்கொண்டிருந்த பாட்டுக்கு, அவர் இல்லாத நேரம் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டுப் போட்டுப் பார்த்தான். நாயுடு அதைக் கேட்டுவிட்டார். திட்டவில்லை. அந்த மெட்டையே படத்தில் வைத்துக்கொண்டார்; வெளியே சொல்லாதே, பொடியன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் கம்பெனி ஏற்காது என்றும் சொல்லிவைத்தார். பிறகு ஜூபிடர் கோவையைக் காலி செய்து சென்னைக்குப் போனபோதுதான், முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, பையனைக் கையோடு கூட்டிப்போங்கள் என்று ஒப்படைத்தார். பையன் எம்.எஸ்.விஸ்வநாதன். தன் வாயாலேயே அவர் பல மேடைகளில் நன்றியோடு சொன்ன கதை இது.

இதில் வெறும் பெருந்தன்மை மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அத்தனை நாள் அந்த மெட்டு இன்னொருவர் பெயரில்தானே ஓடியது. ஆனாலும் நாயுடு செய்த இரண்டு காரியங்கள், நூறு ‘சபாஷ்’ சேர்ந்தாலும் ஈடாகாதவை: மெட்டைப் பயன்படுத்தினார், சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னார். நம் அளவில் இதைச் செய்வது ஒன்றும் கஷ்டம் இல்லை. “அந்த டூயட்டுல பாதி நீங்க பாடுங்க” என்று கொடுக்கலாம். கோயில் விசேஷத்துக்கு ஆள் தேடுகிறவரிடம் பெயரைச் சொல்லலாம்.

நம்பிக்கை: முதலில் இனிப்பு, நடுவில் கசப்பு, கடைசியில் மறுபடி இனிப்பு.

ஆபீஸ் டிரெய்னிங்கில் கற்றுத் தந்தது. ரெண்டே தடவையில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அப்புறம் நீங்கள் “நல்லாருந்துச்சுங்க” என்றதுமே எதிராளி ‘ஆனா’வுக்குக் காத்திருப்பார். சொல்ல நல்லது இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உறை போட வேண்டாம்.

நம்பிக்கை: திருத்துவது வேறு, தட்டிக்கொடுப்பது வேறு.

வள்ளி கும்மி பழகும் களத்துக்கு ஒரு சாயந்திரம் போய் நின்று பாருங்கள். வாத்தியார் அடி எடுத்துக் கொடுக்கிறார், சுற்றி நிற்பவர்கள் திருப்பிப் பாடிக்கொண்டே காலை மாற்றுகிறார்கள். புதுசாக வந்த அம்மிணிக்கு மூன்றாவது அடி உதைக்கிறது. யாரும் நிறுத்தி விளக்குவதில்லை. முன்னால் போகிறவர் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறார், பின்னால் வருபவர் “இப்பத் திரும்பு கண்ணு” என்று பாட்டுக்கு நடுவிலேயே சொல்கிறார். அடி விழுந்ததும் வட்டம் நகர்ந்துவிடுகிறது. திருத்தமும் பாராட்டும் அங்கே ஒரே மூச்சில் நடந்து முடிகின்றன. 2024-இல் பத்மஸ்ரீ பெற்றபோது 87 வயதான கோவை மாவட்டத்துப் பத்திரப்பன், ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். ‘இது உங்களுக்கு வராது’ என்று ஊரே நம்பிய ஒன்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிடப் பெரிய பாராட்டு வார்த்தை எது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: பாட்டைப் போட்டாலே கருத்துக் கேட்கிறார் என்று அர்த்தம்.

இல்லை. சிலர் சந்தோஷத்துக்குப் போடுகிறார்கள். போன மாதம் போய்ச் சேர்ந்த அப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்பதற்காகப் போடுகிறவரிடம் தாளக் கணக்குப் பேசக்கூடாது. தனியாக ஒரு மெசேஜ் போட்டு, “ஏனுங் தம்பி, அந்தப் பாட்டுல ஒரு எடம் சொல்லலாங்களா?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. “சொல்லுங்ணா” என்று வந்தால் ஒரே ஒரு இடத்தைச் சொல்லுங்கள், ஐந்து வேண்டாம். “இருக்கட்டுங்ணா, சும்மா பாடுனதுதான்” என்று வந்தால், அதோடு விட்டுவிடுங்கள்.