எளிய உரையில் நிலைக்கும் தமிழ்

நுழையும்முன்

ஓலைச்சுவடியைச் செல் அரித்தது. அச்சுத்தாளை ஈரமும் காலமும் அழித்தன. கணினிக் கோப்புக்கு நேரும் அழிவு வேறுவகையானது. கோப்பு கெடாமல் அப்படியே இருக்கும். ஆயினும் அதனைப் படிக்க இயலாது. அந்நிலையிலிருந்து தமிழ் நூல்களைக் காத்த முயற்சி ஒன்றையும், புதிய மென்பொருள் எதனையும் நிறுவாமல் மாணவரும் அப்பணியைச் செய்யும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மதுரையின் பெயரால் ஒரு தொகுப்பு

நூல்களைத் தொகுத்துக் காக்கும் மரபு மதுரைக்கு உரியது. 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். ‘செந்தமிழ்’ என்னும் இதழ் அச்சங்கத்திலிருந்து வெளிவந்தது. சங்கம் வளர்த்த நகரின் பெயரைத் தாங்கி, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் இணையத்தில் தோன்றியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் இதனை முன்னின்று நடத்தினர். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சுச் செய்தனர், பிழை திருத்தினர், எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிட்டனர். அத்தொகுப்பின் முதல் எண்ணைப் பெற்ற நூல் திருக்குறள்.

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் இத்தகைய முயற்சிகளுக்கு முன்னோடியாகும். எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய உரையையே அவர் முதன்மையாகக் கொண்டார். ஆங்கிலத்திற்கு அவ்வழி எளிதாயிற்று. தமிழுக்கோ முதலில் ஒரு தடையைக் கடக்க வேண்டியிருந்தது.

எழுத்துருவும் குறியீடும்

கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. தொடக்கக் காலத்தில் தமிழ் எழுத்துரு உருவாக்கியோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் வழங்கினர். ஓர் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்து இருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற குறிகளாகவே தோன்றியது.

இக்குழப்பத்தைக் குறைக்க ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டு முறை உருவாயிற்று. மதுரைத் திட்டம் அதனை ஏற்றது; பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி உண்டு. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும்போது எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. பழைய முறைகளில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலாகவும் ககரம் அடுத்ததாகவும் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். உயிர்க்குறி பின்னர் வரும். எனவே வரிசையையும் மாற்றவேண்டும். இதற்கெனக் குறிமாற்றிகள் உள்ளன. எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் உரை திருந்தாது.

தோற்றமும் அமைப்பும்

எழுத்து சரியாக அமைந்த பின்னும் வேறொரு சிக்கல் எஞ்சும். சொற்செயலியில் தட்டச்சுச் செய்வோர் பலர் தலைப்பைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் அமைப்பர். மனிதர் அதனைத் தலைப்பு என உணர்வர். கணினிக்கோ அது பெரிய எழுத்து மட்டுமே. ‘இது தலைப்பு’, ‘இது மேற்கோள்’ எனப் பகுதியின் பணியை உரையிலேயே சுட்டுவது குறியிடல் எனப்படும். அவ்வாறு குறியிட்ட எளிய உரையிலிருந்து நூலாகவும் இணையப்பக்கமாகவும் வடிவங்களை ஆக்கலாம்.

எளிய குறியீட்டு முறைகளுள் ஒன்று, 2004ஆம் ஆண்டு ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன். வரியின் தொடக்கத்தில் # இட்டால் தலைப்பு. ## இட்டால் துணைத்தலைப்பு. > இட்டால் மேற்கோள். சொல்லின் இருபுறமும்  ** இட்டால் தடித்த எழுத்து. பத்திகளுக்கிடையே ஒரு வெற்றுவரி விடவேண்டும்.

நிறுவாமல் மாற்றும் முறை

மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் நடவுப் பாடல்களைத் தொகுக்கும் மாணவர் ஒருவர், அவற்றைச் சொற்செயலிக் கோப்பாக வைத்திருப்பதாகக் கொள்வோம். பள்ளிக் கணினியில் புதிய மென்பொருளை நிறுவ அவருக்கு இசைவு இல்லை. அவருக்கு இரு வழிகள் உண்டு.

இணையம் இருந்தால், உலாவியில் இயங்கும் கூகுள் டாக்ஸில் கோப்பைத் திறந்து, பதிவிறக்கப் பட்டியலில் மார்க்டவுன் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்பு பிறருடைய கணினிக்குச் செல்கிறது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். பாடியவரின் முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை முன்னரே நீக்குவது கடமையாகும்.

இணையம் இல்லையெனில், உரையைப் படியெடுத்து, விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே உள்ள நோட்பேடில் ஒட்டலாம். அழகூட்டல்கள் யாவும் உதிர்ந்துவிடும். மூலத்தைப் பார்த்துத் தலைப்புக்கும் பிரிவுக்கும் உரிய குறிகளை இடவேண்டும். சேமிக்கும்போது குறியாக்கமாக யுடிஎஃப்-8 என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆன்சி’ எனச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அவற்றை மீட்க இயலாது. மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதும் இதனாலேயே இன்றியமையாதது.

அடி சிதையாமை

செய்யுளை மாற்றும்போது தனிக்கவனம் வேண்டும். அடுத்தடுத்து எழுதப்பட்ட இரு வரிகளை மார்க்டவுன் ஒரே பத்தியாக இணைத்துவிடும். உரைநடைக்கு இதனால் தீங்கில்லை. குறள் வெண்பாவோ முதலடி நான்கு சீரும் இரண்டாமடி மூன்று சீரும் கொண்டது. அடிகள் இணைந்தால் ஏழு சீரும் ஒரே வரியாகிவிடும். சொல் ஒன்றும் குறையாமலே யாப்பு மறைந்துவிடும். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் இரண்டு இடைவெளிகள் இட்டால் அடிகள் பிரிந்தே நிற்கும். நாட்டுப்புறப் பாடல்களுக்கும் இது பொருந்தும். அடி முடியுமிடம் பாடுவோர் மூச்சு வாங்கும் இடமாகவும் அமையலாம்.

மாற்றிய உரையை மூலத்துடன் ஒப்பிடுவதே இறுதிப்பணி. அடிக்குறிப்பு, அட்டவணை, படம் ஆகியவை விடுபட்டனவா எனக் காணவேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்ட பதிப்பாசிரியர்களின் உழைப்பும் இத்தகையதே. கருவி மாறியுள்ளது; கவனம் மாறலாகாது.

தெரிந்து தெளிவோம்

2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேர்டு மென்பொருள் உருவாக்கும் கோப்பு, உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ‘ஜிப்’ பொதியாகும். அதன் படி ஒன்றின் பெயரிறுதியை ‘ஜிப்’ என மாற்றித் திறந்தால், ஆவணத்தின் உரை குறியீடுகளுடன் உள்ளே இருப்பதைக் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உம் ஊரில் வழங்கும் நடவுப்பாட்டு, தாலாட்டு, கும்மி ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு எழுதி, மார்க்டவுன் குறிகளுடன் எளிய உரைக் கோப்பாகச் சேமிக்க.

2. பாடநூலில் உள்ள குறட்பா ஒன்றைத் தட்டச்சுச் செய்து, அடியிறுதி இடைவெளி இட்டும் இடாமலும் தோன்றும் வடிவங்களை ஒப்பிடுக.

மதிப்பீடு

1. எழுத்துருவின் பெயரை மாற்றுவதால் பழைய தமிழ்க்கோப்பு திருந்தாமைக்குக் காரணம் யாது?

2. தோற்றத்திற்கும் அமைப்பிற்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.

3. ‘சொல் ஒன்றும் குறையாமலே யாப்பு மறையும்’ – இக்கூற்றினை நிறுவுக.