கூட்டாளி நாடும் ஆட்சியதிகாரமும்: அந்தமான் தரும் படிப்பினை

வல்லரசு ஒன்று தன் புதிய கூட்டாளிக்கு அளிக்கும் உரிமையின் தன்மையை அறிய, அதன் பிரகடனத்தைப் படித்தால் மட்டும் போதாது. ஆணையிடும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதையும் ஆராய வேண்டும். மாயாபந்தர் முதலிய ஊர்களைக் கொண்ட அந்தமான் தீவுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அறிவிப்பு

1942 மார்ச் 23-இல் போர்ட் பிளேர் ஜப்பானியர் வசமாயிற்று. 1943 அக்டோபர் 21-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நிறுவினார். ஜப்பான் அதனை உடனே அங்கீகரித்தது. நவம்பரில் டோக்கியோ மாநாட்டில், அந்தமான் நிக்கோபார் தீவுகள் தற்காலிக அரசுக்கு மாற்றப்படும் எனப் பிரதமர் டோஜோ அறிவித்தார். இரு தரப்புக்கும் இதில் பயன் இருந்தது. அரசு எனக் கருதப்படுவதற்கு நேதாஜிக்கு நிலப்பரப்பு தேவைப்பட்டது; ஜப்பானுக்கு இந்திய மக்களின் ஆதரவு தேவைப்பட்டது. டிசம்பர் 30-இல் போர்ட் பிளேரில் நேதாஜி தேசியக் கொடியை ஏற்றினார்.

நடைமுறை

ஆயினும், ஒரு மாதத்திற்குள், 1944 ஜனவரி 30-இல், ஒற்றர்கள் என்ற ஐயத்தின் பேரில் 44 இந்தியரை ஜப்பானியர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றனர். இந்திய சுதந்திரச் சங்கத்தினரும் அவர்களுள் அடங்குவர். பிப்ரவரியில் தலைமை ஆணையராக வந்தவர் தமிழரான ஏ. டி. லோகநாதன். கடற்படைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஜப்பானியர் காவல்துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். காவல்துறையின்றிப் பிற துறைகளை ஏற்க லோகநாதன் உடன்படவில்லை; கல்வித் துறை ஒன்றே அவர் பொறுப்பில் இருந்தது. ஆகவே குடிமக்களின் உயிரைக் காக்கும் அதிகாரம் அவருக்குக் கிட்டவில்லை. 1945 அக்டோபரில் தீவுகள் மீண்டும் பிரிட்டிஷார் வசமாயின.

இன்றைய பொருத்தம்

கூட்டாளியின் வலிமை அதன் சொந்தப் படை, நிருவாகம், நிதி ஆகியவற்றையே சார்ந்தது என்பது இதனால் விளங்கும். சுதந்திர இந்தியா இத்தீவுகளின் பாதுகாப்பைத் தானே ஏற்றது. 2001-இல் முப்படைகளின் கூட்டுத் தளபதியகம் போர்ட் பிளேரில் அமைந்தது. மாயாபந்தருக்கு வடக்கே, திகிலிப்பூரை அடுத்த ஷிப்பூரில், ஐ.என்.எஸ். கோஹாசா என்னும் கடற்படை விமானத் தளம் 2019-இல் அப்பெயரில் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. 2016-இல் அமெரிக்காவுடன் கையெழுத்தான தளவாட ஒப்பந்தம், எரிபொருள், பழுதுபார்ப்பு போன்ற உதவிகளுக்கு வழி செய்கிறது. அந்நியத் தளம் அமைக்க இடந்தரவில்லை. நட்பு எத்துணை நெருக்கமாயினும், நிலத்தின் மீதான ஆணை தன்னிடமே இருத்தல் வேண்டும் என்பதே அந்தமான் கற்பித்த பாடமாகும்.