கொடுவா குஞ்சுக்கு முதல் சாப்பாடு பச்சைத் தண்ணீர்

கடலில் கூண்டு போட்டு கொடுவா வளர்க்கலாம்னு யோசிக்கிறீங்களா? தீவனம் என்ன விலை, மானியம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால், வாங்கப்போகும் குஞ்சு முதல் வாரத்தில் என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள்.

பொரிந்து வரும் கொடுவா குஞ்சு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். உடம்போடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு மூன்று நாளில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். வாய் திறப்பதும் அப்போதுதான். தூள் தீவனத்தைச் செரிக்க அதற்கு இன்னும் வயிறே சரியாக உருவாகியிருக்காது. நகர்கிற இரையைத்தான் கொத்தும். அதனால் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரியை விடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரைதான் அதன் அளவு.

சரி, ரோட்டிஃபர் எதைத் தின்னும்? இங்கேதான் நுண்பாசி வருகிறது. ஈஸ்ட் போட்டாலும் ரோட்டிஃபர் பெருகும், செலவும் குறைவு. ஆனால் அதில் டி.எச்.ஏ., இ.பி.ஏ. என்ற கொழுப்பு அமிலங்கள் போதாது. குஞ்சின் கண்ணுக்கும் மூளைக்கும் இவை வேண்டும். கடல் மீன் குஞ்சுகளால் இவற்றைத் தேவையான அளவு தானே தயாரிக்கவும் முடியாது. ஈஸ்ட் ரோட்டிஃபரை மட்டும் தின்ற குஞ்சு, வயிறு நிறைந்தும் பட்டினி கிடந்த மாதிரிதான். நானோகுளோராப்சிஸ் பாசியில் இ.பி.ஏ. அதிகம், ஐசோகிரைசிஸில் டி.எச்.ஏ. அதிகம். ரெண்டையும் கலந்து கொடுப்பது நல்லது.

குஞ்சுத் தொட்டியிலேயே பாசியை ஊற்றி வைப்பதைத்தான் 'பச்சைத் தண்ணீர்' என்கிறார்கள். அதிலுள்ள ரோட்டிஃபர் பட்டினி கிடக்காது. அம்மோனியாவையும் பாசி ஓரளவு இழுத்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், பாசி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். வேறு நுண்ணுயிர் கலந்துவிட்டால், நேற்று பச்சையாக இருந்த தொட்டி இன்று வெளுத்துக் கிடக்கும். குஞ்சு அதுவரை காத்திருக்காது. எனவே குஞ்சு பொரிப்பகத்துக்கு நேரில் போனால், குடுவைகளில் மாற்றுப் பாசி இருப்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், விலைப்பட்டியலைவிட இதுதான் முக்கியம்.

இந்தத் தொழில்நுட்பம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவா குஞ்சு உற்பத்தி செய்தது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் 2010-ல் கடல் விரால் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது.

கூண்டு வளர்ப்புக்கு பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. விண்ணப்ப விவரங்களுக்கு உங்கள் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகலாம்.