கட்டுவிரியன் சாயலில் ஒரு வீட்டுப் பாம்பு

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பவை சிலவே. ஏனையவற்றைப் பற்றிய அறிவு ஊரகப் பகுதிகளில் போதிய அளவு பரவவில்லை. வெள்ளிக்கோல் வரையன் எனப்படும் ஓநாய்ப் பாம்பு இதற்குத் தக்க சான்றாகும்.

1758-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இவ்வினத்தை விவரித்துப் பெயரிட்டார். தாடையின் முன்புறத்தில் ஓநாயின் பற்களைப் போன்று நீண்ட பற்கள் இருப்பதால் ஓநாய்ப் பாம்பு என்ற பெயர் வழங்கலாயிற்று. பகலில் சுவர் விரிசல்களிலும் செங்கற் குவியல்களிலும் ஒடுங்கிக் கிடக்கும் இப்பாம்பு, இரவில் வெளிவந்து பல்லிகளைப் பிடித்து உண்கிறது. பல்லி மிகுந்திருப்பது வீடுகளிலாதலின் இதுவும் வீட்டை நாடி வருகிறது. பெரும்பாலும் இரண்டடி நீளத்தைத் தாண்டுவதில்லை. பிடித்தால் கடிக்கும், ஆனால் அக்கடியால் மனிதருக்குத் தீங்கில்லை.

இதன் பழுப்பு உடலில் உள்ள வெண்பட்டைகள், கொடிய நஞ்சுடைய கட்டுவிரியனை நினைவூட்டுகின்றன. ஓநாய்ப் பாம்பில் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் கழுத்தருகே மங்கியோ இல்லாமலோ இருந்து வாலை நோக்கித் தெளிவடையும். கட்டுவிரியனின் முதுகு நடுவே பெரிய அறுகோணச் செதில்கள் ஒரு வரிசையாக அமைந்திருக்கும். ஓநாய்ப் பாம்பில் அவ்வரிசை இல்லை. நூலில் கற்பதற்கு எளிய அடையாளங்கள்தாம்! நள்ளிரவில், கைவிளக்கின் ஒளியில், அச்சத்தின் நடுவே இவற்றை எண்ணிப் பார்ப்பவர் யார்?

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகியன மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களுள் அடங்கும். இவ்விழப்பில் தீங்கற்ற பாம்புக்கும் மறைமுகமான பங்கு உண்டு. ஓநாய்ப் பாம்பு கடித்தவர் மந்திரிப்பவரிடம் சென்றாலும், எங்கும் செல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்வார். பிழைத்த பெருமையோ மந்திரத்தைச் சேருகிறது. அந்நம்பிக்கையின் விலையைக் கொடுப்பவர், அடுத்த முறை கட்டுவிரியனால் கடிபட்டு அதே வாசலுக்குச் செல்பவரே. அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. சில மணி நேரத்திற்குள் இமைகள் தொய்ந்து, மூச்சு தளர்ந்துவிடும்.

எதிர்த்திசையிலும் பிழை நேரலாம். தீங்கற்ற கடிக்கு நச்சுமுறி மருந்து செலுத்தினால் அரிய மருந்து வீணாவதோடு, கடும் ஒவ்வாமையும் ஏற்படக்கூடும். ஆகவேதான் பாம்பின் உருவத்தை மட்டும் நம்பாமல், நோயாளியிடம் தோன்றும் நச்சுக்குறிகளைக் கொண்டே மருந்தளிக்க வேண்டும் என்று சிகிச்சை நெறிமுறைகள் கூறுகின்றன. கடித்தது எதுவாயினும் உடனே மருத்துவமனையை அடைந்து, குறிகள் இல்லாவிடினும் ஒரு நாள் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட தேசியச் செயல்திட்டம், 2030-க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்க இலக்கு வகுத்துள்ளது. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்குமாறு மாநிலங்களை அமைச்சகம் கேட்டுக்கொண்டது. அவ்வாறு பதிவாகும் கணக்கில், நஞ்சேறாத கடிகளும் அவ்வாறே குறிக்கப்பட்டால்தான் ஒரு வட்டாரத்திற்கு எவ்வளவு நச்சுமுறி மருந்து தேவை என்பதைச் சரியாக மதிப்பிட இயலும்.