கட்டத்துக்கு ஓர் எழுத்து

கந்தர்வக்கோட்டை ஒன்றியத்தில் அரசு நடுநிலைப் பள்ளியொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். திடலில் அவன் சொல்வதுதான் சட்டம். வகுப்பறையில் ஏட்டைத் திறக்கவே மாட்டான். அவனையும் எழுத வைக்கவே விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்தேன்.

முதல் புதிர் பலிக்கவில்லை. டென்னிஸ் மட்டை, பனிச்சறுக்குக் கட்டை என்று எங்கள் பிள்ளைகள் தொட்டே பார்க்காத பொருள்களைக் கேட்டிருந்தேன். மறுநாள் அவர்கள் கையில் புழங்கும் பொருள்களுக்கு மாறினேன்.

குறிப்புகள் (அடைப்பில் எழுத்து எண்ணிக்கை)

1. சுற்றும்வரை நிற்கும், நின்றால் விழும் (5)
2. அதைச் சுழல வைக்கும் கயிறு (3)
3. பதினான்கு குழிகள் கொண்ட பலகை (6)
4. அந்தக் குழிகளில் இடுவது. கடல் தருவது (2)
5. விரலால் சுண்டும் கண்ணாடி உருண்டை (2)
6. பெரிய குச்சி அடிக்க, சின்னக் குச்சி பறக்கும் (6)

விடைகள்: பம்பரம், சாட்டை, பல்லாங்குழி, சோழி, கோலி, கிட்டிப்புள்.

விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கட்டத்தில் நிரப்பும்போதுதான் சிக்கல் வந்தது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில், ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துகளில் ஒன்று வந்தால் போதும். நமக்கோ 247 எழுத்துகளில் ஒன்று வரவேண்டும். ‘கோலி’க்கு நான்கு கட்டம் கேட்டார்கள் சிலர். கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாக எண்ணியிருக்கிறார்கள். ‘பம்பரம்’ என்பதில் புள்ளி வைத்த எழுத்துக்குக் கட்டம் விடாமல் மூன்றோடு நிறுத்தியவர்களும் உண்டு. எழுத்து என்றால் என்ன என்பதை இரண்டு ஆண்டுகளாக இவர்களுக்கு நடத்திவருகிறேன். அது போய்ச் சேரவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆறாம் குறிப்புக்குப் பலர் ‘கில்லி’ என்றனர். பொருள் சரிதான், ஆனால் மூன்று எழுத்து. எண்ணிப் பார்த்த பிறகே ‘கிட்டிப்புள்’ வந்தது. ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பதைப் பேச இது நல்ல வாய்ப்பு.

பல்லாங்குழியும் சோழியும் கடைசி எழுத்தில் சந்திக்குமாறு அமைத்திருந்தேன். ‘குளி’ என்றும் ‘சோலி’ என்றும் எழுதியவர்களுக்கு இரண்டும் பொருந்தவில்லை. சிவப்பு மை இல்லாமலே தாங்களாகத் திருத்திக்கொண்டார்கள். இரண்டிலும் ‘ளி’ போட்டவர்களைக் கட்டம் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே ஆசிரியர்தான் அருகில் போய் ஒலித்துக் காட்ட வேண்டும்.

அடுத்த வாரப் புதிரில் ‘இறகுப்பந்து’ விடை. ஆறு கட்டம் விட்டிருந்தேன். “ஒரு கட்டம் பத்தலை டீச்சர்” என்று ஒரு குரல். அந்த மாணவன்தான். “நல்லா எண்ணிப் பாருப்பா” என்றேன். கரும்பலகைக்கு வந்து இ, ற, கு, ப், ப, ந், து என்று எழுதி ஏழு எனக் காட்டினான். இடையில் தோன்றும் ‘ப்’ எழுத்தை நான் விட்டிருந்தேன். பிழை என்னுடையது என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வலி மிகுதலை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கினேன். அவ்வளவு கவனமாக இலக்கணம் கேட்ட வகுப்பு எனக்கு நினைவில் இல்லை.

அவன் இன்னும் எழுத்துப்பிழை விடுகிறான். ஆனால் ஏட்டைத் திறக்கிறான். “கபடிக்குப் பொருளே கிடையாதே, அதுக்கு எப்படிக் குறிப்பு போடுவீங்க?” என்று என்னை மடக்கவும் செய்கிறான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்: ஆறேழு குறிப்புகள் போதும். ல, ள, ழ போன்ற எழுத்துகள் இரு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் வரட்டும். இருவர் இருவராக நிரப்பட்டும். மூன்றாவது புதிரை மாணவர்களே தயாரிக்கட்டும். குறிப்பு எழுதத் தொடங்கினால் வாக்கியம் தானாக வரும். கட்டங்களை மட்டும் வகுப்புக்கு முன்பே ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிடுங்கள்.