தோட்டத்திலிருந்து திருச்சிக்கு: பயண நேரத்தைக் கணக்கிடும் முறை

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழகம் செல்வோர் பயணச்சீட்டிலுள்ள புறப்பாட்டு, வருகை நேரங்களைக் கழித்துப் பயண நேரத்தைத் தவறாக அறிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது.

1. இரண்டரை மணி நேரத்தை முதலில் சரிசெய்க. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட அவ்வளவு முந்தியிருப்பதால், இரவு 9.00 மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறக்கும் விமானம் திருச்சியில் 10.30 மணிக்கே இறங்கும். திரும்பும்போதோ, நள்ளிரவு 12.30 மணிக்குப் புறப்பட்டால் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் (கே.எல்.ஐ.ஏ.) இறங்கும்போது காலை 7.00 மணியாகிவிடும் என்பதால், அழைத்துச்செல்ல வருவோருக்கு மலேசிய நேரத்தையே தெரிவிக்க வேண்டும்.

2. வான்வழித் தூரத்தை, அதாவது பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய தூரத்தை, வேகத்தால் மட்டும் வகுக்காதீர்கள். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய 2,700, சென்னைக்கு 2,600 கிலோமீட்டர் எனினும், ஓடுபாதை நகர்வும் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே நேரம் அமைகிறது.

3. தரைவழிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குக. கோல சிலாங்கூரிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். லாத்தார் நெடுஞ்சாலையை அடையும் முன் தோட்டச் சாலைகளில் செம்பனை லாரிகளின் பின்னே ஊர வேண்டியிருக்கும்.

4. நள்ளிரவுச் சீட்டின் தேதியை இருமுறை பார்க்க. 15ஆம் தேதி 12.05 மணி என்றால் 14ஆம் தேதி மாலையே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். இத்தவறு முழுக் கட்டணத்தையும் இழக்கச் செய்யக்கூடும்.

5. முனையம் 1, 2 எதுவெனச் சீட்டில் உறுதிசெய்க; இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள்.